அப்பீல்காரியின் மகள்

பதினோரு வயதில் நான் ஒரு மேதை. இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பள்ளிக் கலோல்சவத்தின் நடுவர்கள் சொன்னார்கள். தமிழ்ப் பத்யம், அதாவது செய்யுள், சொல்லும் போட்டியில் எனக்கு முதல் பரிசு. போட்டியில் மொத்தம் மூன்று பேர். ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொருத்திக்குத் தமிழே தெரியாது, யாரோ மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நானும் மலையாள எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் பண்ணினேன். ஆனால் மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக இருக்கும் பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பெண் என்பதால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்த வருடம் அந்தத் தமிழ் தெரியாத பெண் என்னை ஜெயித்துவிட்டாள். வீடு திரும்பியதும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பீல் எழுத உட்கார்ந்தார். கலோல்சவம் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைகள் ஆடிப் பாடிப் போட்டி போடுவார்கள். அது முடிந்ததும் அப்பா அம்மாக்கள் அப்பீலில் போட்டி போடுவார்கள். நடுவர்கள் தப்பு செய்துவிட்டார்கள், என் குழந்தைதான் முதல் என்று எழுதிக் கொடுத்து வாதாடினால் சில சமயம் மேலே உள்ள போட்டிக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்பீல் எழுதுவதில் அலாதி சுகம். சில வருடங்களில் நான் போட்டிக்குப் போவதற்கு முன்பே பாதி எழுதி வைத்திருப்பார்.

அந்த மேதை இப்போது ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கணீரென்ற குரல் 'அடுத்த ஜன்னலுக்குப் போங்க' என்று சொல்வதற்குப் பயன்படுகிறது. தெளிவாகக் கேட்கிறது என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருத்தியின் வயிற்றில் பிறந்தும் என் மகள் பதினோரு வயது வரை எதிலும் மேதையாக இல்லாமல் நிம்மதியாகத்தான் இருந்தாள். வகுப்பிலேயே உயரமானவள். பள்ளி வாசலில் டீச்சர் பக்கத்தில் அவள் நின்றால் யார் டீச்சர் என்று ஒரு கணம் குழம்பும். அது தவிர அவளுக்கு இருந்த ஒரே விசேஷம், என் கணவர் ஸ்கூட்டர் சாவியை மறந்துவிட்டுக் கீழே போய்க் கூப்பிட்டால் மாடி பால்கனியிலிருந்து, நடுவில் நிற்கும் மிளகு லாரிக்கு மேலாக, நேரே அவர் கைக்கு எறிவாள். ஒரு தடவையும் தப்பியதில்லை. எங்களுக்கு அது படியேறி இறங்காமல் இருக்க ஒரு வசதி, அவ்வளவுதான்.

அதைத் திறமை என்று சொன்னவள் பள்ளிக்குப் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர். பள்ளுருத்தியில் கடை வைத்திருக்கும் தமிழ் ராவுத்தர் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கல்லூரியில் பேஸ்பால் ஆடியவள். பள்ளியில் பெண்களுக்கு ஒரு பேஸ்பால் அணி சேர்க்கிறேன், உங்கள் மகளை அனுப்புங்கள் என்று என்னிடம் கேட்டாள்.

"அது அமெரிக்காக்காரா ஆடறதாச்சே. இங்கே யாரு ஆடறா?" என்று கேட்டார் என் கணவர்.

"யாரும் ஆடலை" என்றேன். சொல்லும்போதே என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. யாருமே ஆடாத ஆட்டம்! கிரிக்கெட்டில் ஊர் முழுக்கப் போட்டி. கால்பந்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதிலோ, களத்தில் இறங்கினாலே பாதி மாவட்டத்தை ஜெயித்த மாதிரி. மாநில அளவு வரை போய்விட்டால் பத்தாம் வகுப்பில் கிரேஸ் மார்க் வேறு கிடைக்கும். நான் எந்த வழியாக மேதையானேனோ அதே வழி என் மகளுக்கும் திறந்திருந்தது.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக முட்டை வந்தது. தனி வாணலி, தனிக் கரண்டி. பக்கத்து வீட்டு மாமிக்கு வாசனை போகாமல் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு ஆம்லெட் போடக் கற்றுக்கொண்டேன். மகள் இரண்டு வாய் தின்றுவிட்டு, "இதுக்குத் தயிர்சாதமே தேவலை" என்று தட்டைத் தள்ளினாள். மீதியை அப்பாக்காரர் தினமும் தியாக உணர்வோடு சாப்பிட்டார். சட்டை இறுக்கமானது அவருக்கு.

போனில் பந்தின் வேகத்தை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு பள்ளி மதிலோரம் நிற்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரிகள் எவை, அங்கே குளிர் எவ்வளவு, தோசை மாவு கிடைக்குமா என்பது வரை விசாரித்து முடித்தேன். பெண்களுக்கு அங்கே பெரும்பாலும் வேறு ஆட்டம்தான் என்று எங்கோ போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மகள் அப்போது ஆறாம் வகுப்பு.

பேஸ்பாலில் ராஜா யார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நடுவில் ஒரு மேட்டில் நின்று பந்தை எறிகிறவள், அவள்தான் பிட்சர். எல்லோரும் அவளையே பார்க்கிறார்கள். என் மகள் எறிந்தால் எதிரில் மட்டையோடு நிற்கும் குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும். பந்து க்ளவுஸில் விழும் சத்தம் கேண்டீன் வரை கேட்கும். மதிலோரம் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், பெற்ற அன்றைக்கு வராத பெருமை எனக்கு வந்தது.

ஆனால் டீச்சர் அவளை எறியவே விடமாட்டாள். கொஞ்ச நேரம் எறிந்ததும், "மதி, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லி நிறுத்திவிட்டு ஓரத்துக்கு அனுப்புவாள். ஒரு வாரம் தூரத்தில் பந்து பொறுக்கும் இடம், மறு வாரம் வேறு இடம். அப்புறம் ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், என் மகள் மண்ணில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் கம்பி மூடி, மார்பில் கவசம், முழங்காலில் ஏதோ கட்டு. எழுந்திருக்கிறாள், மறுபடியும் குந்துகிறாள். வெயில் வேறு. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளை இப்படித்தான் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழவைப்பார்கள், ஏத்தம் என்று பெயர். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

கேட்டைத் தாண்டி உள்ளே போனேன். "என் கொழந்தை என்ன தப்பு பண்ணினான்னு இப்படி ஏத்தம் போட வெக்கறேள்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். குரல் கணீரென்று இருந்தது.

டீச்சர் திகைத்துப் போனாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, இது சிட்சை ஒண்ணுமில்ல. கேட்சர்னா இப்படித்தான் இருக்கணும். பிட்சர் எறியறதைப் பிடிக்கிற ஆளு" என்றாள்.

மகள் கம்பி மூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் மண். "அம்மா, ப்ளீஸ், வீட்டுக்குப் போ" என்றாள்.

நான் போகவில்லை. டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, எறிவதில் இவளுக்கு நிகரானவள் இங்கே யாராவது உண்டா என்று கேட்டேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். "இல்லக்கா. இப்போ இவதான் உசரம், அதனாலே வேகமா எறியறா. மத்த புள்ளைங்களும் ரெண்டு மூணு வருஷத்திலே வளந்திரும். பின்னே இவ கையிலே என்ன மிச்சம் இருக்கும்? எல்லா எடத்திலேயும் நின்னு பழகட்டும். இந்த வயசிலே எறிஞ்சு எறிஞ்சு தோளு கெட்டுப்போச்சுன்னா அப்பறம் ஒண்ணும் செய்ய முடியாது."

இத்தனையும் நல்ல தமிழில்தான் சொன்னாள். என் காதில் விழுந்தது, உங்கள் பெண்ணிடம் உயரத்தைத் தவிர ஒன்றுமில்லை என்பது மட்டும்தான்.

அந்த வருடக் கடைசியில் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களின் மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பிட்சராகத் தேர்வானவள் என் மகளின் உயிர்த்தோழி. குட்டையான பெண். ரெட்டைப் பின்னல். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் யாரிடமும் கேட்காமல் நேரே அடுக்களைக்கு வந்து பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாள். அவள் எறியும் பந்தில் வேகமே கிடையாது. எங்கே போகச் சொல்கிறாளோ அங்கே போகும், அவ்வளவுதான். என் மகளின் பெயரை டீச்சர் கொடுக்கவே இல்லை. இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றாளாம். மகள் இதை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

நான் அன்றைக்கே அப்பீல் எழுத உட்கார்ந்தேன்.

பேஸ்பாலில் அப்படி ஒன்று கிடையாது என்று யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். தேர்வு என்று ஒன்று இருந்தால் அப்பீலும் இருக்கத்தானே வேண்டும். 'மாண்புமிகு' என்று தொடங்கி, போனில் அளந்த வேகங்களையெல்லாம் போட்டு, தேர்வான பெண்ணின் குறைகளையும் வரிசையாக எழுதி மாவட்ட சங்கத்துக்கு அனுப்பினேன். அப்பீலில் அது முக்கியம். நம் குழந்தை உசத்தி என்றால் மட்டும் போதாது, ஜெயித்த குழந்தை மட்டம் என்றும் காட்ட வேண்டும். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை அது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற மனிதர், சாது. வாழ்நாளில் அப்படி ஒன்றை அவர் வாங்கியதே இல்லையாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல், என் வாசகத்தின் மிடுக்கைப் பார்த்து நான் வக்கீல் என்று எண்ணிப் பயந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலூரில் உள்ள மைதானத்துக்கு இரண்டு பெண்களையும் அழைத்து வரச்சொல்லிவிட்டார். இரண்டு பேரும் எறிந்து காட்ட வேண்டும் என்று, என் கடிதத்தையும் சேர்த்துப் பள்ளிக்கும் தகவல் அனுப்பியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அப்பாவின் எந்த அப்பீலும் இவ்வளவு சீக்கிரம் பலித்ததில்லை. மகளிடம் சொல்ல ஓடினேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவ எங்கூடப் பேசலை. பஸ்ஸிலே வேற சீட்டிலே போய் உக்காந்துட்டா. நீ என்னம்மா எழுதினே?"

"உள்ளதைத்தான் எழுதினேன்."

"அவ குட்டைன்னு எழுதினியா?"

'போதிய உயரமின்மை' என்று எழுதியிருந்தேன். அதுவும் இதுவும் ஒன்றல்ல என்று விளக்க ஆரம்பித்தேன். மகள் எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் செய்யத் தெரியும்.

"அவ எங்கூடப் பேசற வரைக்கும் நான் ஆட மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரேன். அதுக்கப்பறமும் அவ பேசலேன்னா எனக்கு இந்த ஆட்டமே வேண்டாம். சத்தியமா."

என் கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அதை வாபஸ் வாங்கிக்கோயேன்" என்றார்.

"எங்கப்பா ஒரு அப்பீலைக்கூட வாபஸ் வாங்கினதில்லை."

"எத்தனை ஜெயிச்சார்?"

அடுப்பில் பால் பொங்குவதாக ஞாபகம் வந்தது, அங்கே போய்விட்டேன். பால் வைக்கவே இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், குழந்தைகள் இரண்டு நாளில் மறந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். அந்தத் தமிழ் தெரியாத பெண் என்னோடு அப்புறம் பேசவே இல்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போய் நின்றால், டீச்சரும் அந்தப் பெண்ணும் அதே வாட்டர் மெட்ரோ படகுக்குக் காத்திருந்தார்கள். ஒரே படகு, குளிர்சாதனம் வேறு. தப்பி ஓட வழியில்லை. டீச்சர், "சாயா குடிச்சிட்டீங்களாக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அவளுடைய அணித் தேர்வை எதிர்த்து ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டவளிடம் இவள் சாயா குடித்தாயா என்று கேட்கிறாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே காயலைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஹைகோர்ட்டில் இறங்கி ஏறிய கலூர் பஸ்ஸிலும் ஆளுக்கொரு சீட்.

மைதானத்தில் செயலாளர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மட்டை பிடிக்கவும் களத்தில் நிற்கவும் அணியிலிருந்து நாலைந்து பெரிய பெண்கள் வந்திருந்தார்கள். முதலில் தோழி எறிய வேண்டும். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. எறிவதைப் பிடிக்கக் கேட்சர் இல்லை. மாவட்ட அணியின் கேட்சர் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளாம், வரவில்லை. என் அப்பீலால் முளைத்த ஞாயிற்றுக்கிழமைக்காக யார் கல்யாணச் சாப்பாட்டை விடுவார்கள்?

செயலாளர் சுற்றிப் பார்த்தார். "இங்கே யாருக்காவது கேட்சிங் அறியுமா?" என்றார்.

என் மகள் போய்க் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். இந்தப் பெண்ணுக்குப் புத்தி இருக்கிறதா? எதிராளிக்குப் போய் யாராவது பந்து பிடிப்பார்களா? பாட்டுப் போட்டியில் எதிரிக்குச் சுருதிப்பெட்டி போட்ட மாதிரி அல்லவா இது! டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உட்கார்ந்தேன்.

தோழி எறிய ஆரம்பித்தாள். முதல் பந்து மட்டைக்காரியின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. அடுத்தது தரையில் குத்தி எங்கோ தெறித்தது. என் மகள் அதன் மேல் விழுந்து, மார்பால் தடுத்து நிறுத்தினாள். விடுடீ, விட்டுத் தொலை என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் குழந்தை பந்தைத் தவறவிட வேண்டும் என்று அந்த நேரத்தில் மனசாரப் பிரார்த்தித்தேன். அவள் ஒன்றைக்கூட விடவில்லை.

பிறகு எழுந்து, கம்பி மூடியை மேலே தள்ளிக்கொண்டு, தோழி நின்ற மேட்டுக்கு நடந்து போனாள். என்னவோ சொன்னாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். மகள் மறுபடியும் ஏதோ சொன்னாள், என் பக்கமாகக் கையைக் காட்டி. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்க தைரியமும் இல்லை.

அதற்குப் பிறகு தோழி எறிந்த பந்துகளை அந்தப் பெரிய பெண்களால் தொட முடியவில்லை. என் மகள் குந்தியபடி க்ளவுஸை ஓர் இடத்தில் காட்டுவாள், பந்து அங்கே வந்து விழும். நடுநடுவே எழுந்து, தன்னைவிடப் பெரிய பெண்களை, நீ இடதுபக்கம் நகரு, நீ முன்னால் வா என்று மலையாளத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். அவர்களும் நகர்ந்தார்கள். ஆட்டத்தில் மற்ற எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, இவள் ஒருத்தி மட்டும் எல்லோரையும் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதம் மதிலோரம் நின்று நான் போனைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து என் மகளின் முறை. தோழி கவசத்தை மாட்டிக்கொண்டு பிடிக்கப் போனாள். மகள் எறிந்தாள். அடேயப்பா, என்ன வேகம்! தோழி அலறிக்கொண்டு விலகினாள், பந்து பின்னால் இருந்த மதிலில் போய் அறைந்தது. வேறொரு பெண்ணைப் பிடிக்கச் சொன்னார்கள். அவளும் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். மதில்தான் மிச்சம். செயலாளர் என்னிடம் வந்து, "வேகம் உண்டு, கேட்டோ. பக்ஷே பிடிக்க ஆளு வேண்டாமா, மேடம்?" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாவட்டத்தில் என் மகள் எறிவதைப் பிடிக்கக்கூடியவள் என் மகள் ஒருத்திதான். இதற்கு அப்பீலில் இடமே இல்லை.

பிட்சர் பழைய பிட்சரேதான் என்று அவர் சொன்னார். என் மூக்கு உடைந்ததைத் துடைத்துக்கொள்வதற்குள் இன்னொன்றும் சொன்னார். இந்த உயரமான பெண்ணை இரண்டாவது கேட்சராக அணியில் சேர்த்துக்கொள்கிறேன், செகண்ட் பேசுக்கு ஒன்று எறிந்து காட்டட்டும் என்றார். பேஸ் என்றால் ஓடிச் சேர வேண்டிய மூலை. எதிரணிப் பெண் முதல் பேசிலிருந்து இரண்டாவதுக்குக் கள்ளத்தனமாக ஓடப் பார்த்தால், கேட்சர் குந்திய இடத்திலிருந்து எழுந்து மைதானத்தின் குறுக்கே அங்கே எறிய வேண்டும். பிட்சர் எறிவதைப் போல இரண்டு மடங்கு தூரம். என் மகள் கவசத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டு குந்தி, எழுந்து எறிந்தாள். பந்து வழியிலேயே தரையில் குத்தி, மறுபடியும் குத்தி, களைத்துப் போய் உருண்டது.

"சாரமில்ல, பரவாயில்ல, டீமில் வந்தால் சரியாகும்" என்றார் செயலாளர்.

மகள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

"இப்போ வேண்டாம் சார். என் பந்து செகண்டுக்குப் போறதில்லை. அது போகத் தொடங்கட்டும், அடுத்த வருஷம் வரேன்" என்றாள் என் மகள்.

என் வாய் திறந்துகொண்டது. மாவட்ட அணி! கையில் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறாள்! குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பாதுகாவலர், இரண்டாவது கேட்சர் என்றாலும் சான்றிதழ் சான்றிதழ்தானே என்று எல்லா வாதங்களும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நின்றன. செயலாளரும் குடையைச் சாய்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "மேடத்துக்கு ஏதாவது ஆட்சேபம்?" என்று கேட்டார். பாவம், இனிமேல் என்னைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தார்.

மகள் கம்பி மூடியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தரையில் குத்தித் தெறித்த பந்துகளுக்கெல்லாம் கண்ணைச் சிமிட்டாதவள், நான் வாய் திறந்ததும் மூடிக்கொண்டாள். தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் குழந்தை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். என்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஒண்ணுமில்லை சார். அவ சொன்னதுதான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர், "எந்தா?" என்று மறுபடியும் கேட்டார். சத்தமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

திரும்பும் படகில் அவர்கள் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே பாக்கெட்டிலிருந்து நேந்திரங்காய் வறுவல் தின்றார்கள். டீச்சரும் நானும் பின்னால். நான் அசடு வழிந்துகொண்டு, "நீங்க சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டேன். மத்தியானமாகியிருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது தோழி மாவட்ட முகாமுக்குப் போயிருக்கிறாள். என் மகளுக்குப் பயிற்சிக்கு ஆள் இல்லை. ஆள் இல்லாத கஷ்டத்தில், வேறு வழியே இல்லாமல் என்னைக் கேட்டாள். காலையில் அலுவலகத்துக்கு முன் ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்தில், சுடிதாரோடு, என் கைக்குப் பொருந்தாத ஒரு க்ளவுஸை மாட்டிக்கொண்டு நான் செகண்ட் பேசில் நிற்கிறேன். நடக்க வருகிற சேட்டன்மார்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவள் தூரத்தில் குந்தி, எழுந்து, எறிகிறாள். பந்து குத்திக் குத்தி வருகிறது, எனக்கு முன்னால் எங்கோ நின்றுவிடுகிறது. ஓடிப் போய்ப் பொறுக்கித் திருப்பி எறிகிறேன். நான் எறிவது பாதி தூரம்கூடப் போவதில்லை, அவள்தான் நடந்து வந்து எடுத்துக்கொள்கிறாள்.

இன்று காலை அவள் முகம் வாடியிருந்தது. எத்தனை தடவை எறிந்தும் பந்து வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் குனிந்து பந்தை எடுக்கும் போதெல்லாம் ஓர் அடி முன்னால் வந்தேன். இன்னும் ஓர் அடி. கொஞ்சம் கிட்டே போய் நின்றால் என்ன, ஒன்றாவது நேரே கையில் வந்து விழட்டுமே, குழந்தை சந்தோஷப்படுவாளே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எறியவில்லை.

"அம்மா, பின்னாடி போ" என்றாள். "நீ அங்கேயே நில்லு. வரும்."

நான் பின்னால் போய் நின்றேன்.